கம்பிக்கூட்டின் மேல் சந்தனம்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

சாலைக் கடைத்தெருவில் நம் எண்ணெய் மில் இன்றும் ஓடுகிறது. உங்கள் இடத்தில் இப்போது நான்தான் மெஷின் ஓட்டுகிறேன். இந்த வருஷத்து ஆயுதபூஜையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன வருஷம் சக்கரத்துக்குச் சந்தனம் பூசி மாலை சாத்துவதற்காக, பெல்ட்டை மூடியிருந்த கம்பிக்கூட்டைக் கழற்றினோம். வருஷா வருஷம் வழக்கம்தானே. பூஜை முடிந்ததும் மில் ஓட்ட அவசரம். கூடு மூலையிலேயே கிடந்தது. எண்ணெய் விடப் போன உங்கள் வேட்டி நுனியைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. முதலாளி திருஷ்டி கழியப் பூசணிக்காய் உடைத்துவிட்டு, எல்லாம் விதி என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது? கூட்டைக் கழற்றியது விதியா, அத்தான்?

பதினாறாம் நாள் கழிந்ததும் எல்லோருமாகப் போய் அவர் முன் நின்றோம். கூட்டைப் பூட்டினால்தான் மெஷின் ஓடும், சாவி ஓட்டுகிறவன் கையில் இருக்கும் என்றோம். ஆபத்து என்று பட்டால் யாரும் நிறுத்தலாம், அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது. கால் வழுக்கியது, கை சிராய்த்தது எதுவானாலும் சனிக்கிழமை கூடிப் பேசி உடனே சரிசெய்ய வேண்டும். முறைத்தார். மில்லை நிறுத்தி உட்கார்ந்த பிறகுதான் சம்மதித்தார்.

இந்த வருஷப் பூஜையன்று அவருக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று. "சக்கரத்தில சந்தனம் தொடாட்டா ஐஸ்வரியம் போயிரும்டே, சாவியை எடு" என்றார்.

"கழத்த மாட்டேன், மொதலாளி. சந்தனத்தைக் கூட்டு மேல வைங்க."

நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று கத்தினார். அப்போது கொப்பரை வெட்டும் குஞ்ஞம்மா எழுந்து வந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். "இனியொரு சாவு வேண்டா, மொதலாளி" என்று சொல்லிக் கம்பி முழுக்கப் பூசினாள். மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். அவர் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, கற்பூரம் காட்டச் சொன்னார். என் வேலையும் போகவில்லை.

மறுநாள் அக்கா மில்லுக்கு வந்தாள். கூட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சாவி என் மடியில் இருக்கிறது, அத்தான். நாளைக்கு என்னை அனுப்பினால் குஞ்ஞம்மா மடிக்குப் போகும். முதலாளி கைக்கு மட்டும் போகவே போகாது. இது உங்கள் மேல் ஆணை.

அக்காவுக்குத் துணையாக நிற்கும்,
உங்கள் மச்சினன் சிவதாணு