மூணாம் நம்பர் பிரஸ்ஸைப் பார்க்க வந்தவர்

மாமு,

இன்று காலை வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போய் நம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராயபுரம் மாடி ஆபீசைக் காலி செய்கிறார்கள். கேஸ் முடிந்தவர்கள் எல்லாம் வந்து அவரவர் கட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்லி ஜூனியர் பெண் போன் செய்திருந்தது. வீட்டுக்கு வந்து வெள்ளை நாடாவை அவிழ்த்ததும் பாச்சா உருண்டை வாசனை குப்பென்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் அசதியாகிவிட்டது. ஆறு வருஷம் அந்த வாசனையில்தானே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"இத இன்னாத்துக்குத் தூக்கினு வந்தே? பரண்ல துணி வெக்கவே எடமில்ல" என்றாள் என் வீட்டுக்காரி. நான் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். சண்டை போடக்கூட இப்போதெல்லாம் தெம்பில்லை.

நம்மை எதற்காக வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று யாராவது கேட்டால் இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். திருவொற்றியூர் ரப்பர் கம்பெனியில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் மூணாம் நம்பர் பிரஸ் உன்னுடையது, நாலாம் நம்பர் என்னுடையது. இனிமேல் ஒரே ஆள் இரண்டு பிரஸ்ஸையும் ஓட்ட வேண்டும் என்றார்கள். ஒன்றைக் கவனிக்கும்போது இன்னொன்றில் விரல் போய்விடும், முடியாது என்றோம். சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று ஒரு விசாரணை வைத்து வெளியே அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஆனால் வக்கீலம்மாவிடம் முதல் நாள் இதைச் சொல்லி முடிக்க நமக்கு ஒரு மதியம் பூராவும் ஆனது. நீ மேனேஜரின் மீசையிலிருந்து ஆரம்பித்தாய். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கோவத்தை வீட்ல வெச்சுட்டு வாங்க. தேதியை மட்டும் கொண்டு வாங்க."

படியிறங்கும்போது நீ, "இன்னா மாமு, நாம கஷ்டத்தச் சொன்னா அவங்க காலண்டரக் கேக்குறாங்க" என்றாய். எனக்கும் அவர்மேல் அன்று பெரிய நம்பிக்கை வரவில்லை.

அவர் நமக்குப் போட்ட கட்டளை இரண்டுதான். தினமும் ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்குப் போய் வேலை கேட்க வேண்டும், உள்ளே விடவில்லை என்றால் அன்றைய தேதியை நோட்டில் எழுத வேண்டும். அவர்களாகவே கூப்பிட்டாலும் அவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. "தினமும் சென்றோம், ஒரு நாளும் உள்ளே விடவில்லை" என்ற வரி உன் மனுவிலும் இருந்தது, என் மனுவிலும் இருந்தது. இரண்டையும் கோர்ட்டில் ஒன்றாகத்தான் விசாரித்தார்கள்.

கேட்டில் நின்றுவிட்டு நீ காசிமேட்டுக்கு ஐஸ் உடைக்கப் போவாய், நான் எண்ணூர் ஷேர் ஆட்டோ ஓட்டப் போவேன். வாய்தா நாளில் இரண்டு பேரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பாரிமுனைக்குப் பஸ் ஏறுவோம். அவங்க வக்கீல் வரவில்லை, ஜட்ஜ் லீவு, அடுத்த மாதம் வாருங்கள். இதைக் கேட்கத்தான் அத்தனை தூரம். ஒருமுறை நீ கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கினாய். உன்னை எழுப்ப மனசில்லாமல் நானே உனக்கும் சேர்த்து அடுத்த தேதியை எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வருஷம் ஆயுத பூஜை வந்தது. சர்ச்சுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நீ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உன்னைக் கிளப்புவதற்குள் உன் வீட்டுக்காரிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, உயிர் போய்விடும். ஆனால் ஆயுத பூஜையன்று உன் பிரஸ்ஸை இன்னொருவன் தொட்டால் உனக்குப் பொறுக்காது. அவரவர் மெஷினை அவரவர்தான் துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைக்க வேண்டும் என்பது நம் ஷாப்பில் எழுதாத சட்டம். ஃபோர்மேன்கூட அதில் கை வைக்க மாட்டார். கம்பெனி ஆபீசில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், பூஜைக்கு வாங்க" என்று நம் இரண்டு பேருக்கும் போன் வந்தது. நான் உன்னைப் போனில் பிடித்து, போகாதே என்றேன். நீ "ம்" என்றாய். அந்த "ம்"மிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நீ போனாய். பிரஸ்ஸைத் துடைத்தாய், பொட்டு வைத்தாய். திரும்பும்போது ஸ்வீட் பெட்டியும் ஒரு டிபன் கேரியரும் கையில் கொடுத்து, வாங்கியதற்கு என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மேலே நாலு வரி இங்கிலீஷில் இருந்தது. போட்டாய். அடுத்த வாய்தாவில் அந்தத் தாள் கோர்ட்டுக்கு வந்தது. இவர் தானாகவே விருப்பப்பட்டு வேலையை விட்டுவிட்டார், அன்பளிப்பும் வாங்கிக்கொண்டார் என்று. அதோடு, உள்ளே விடவில்லை என்று நாம் இரண்டு பேரும் சொன்னதும் பொய் என்றார்கள்.

வக்கீலம்மா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடத் தெரியுதில்ல? மேல இன்னா எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உள்ள வேல செஞ்ச நாலு வருசமும் அந்த ஆபீஸ் ஆளுதான் மேடம் ஸ்வீட்டுக்குக் கையெழுத்து வாங்குவாரு. பயக்கத்துல போட்டுட்டேன்."

நான்தான் கத்தினேன். படியில் இறங்கும்போது, "மூணு வருசம் கேட்டாண்ட நின்னது உன் ஒரு பொட்டுல பூட்ச்சு" என்றேன். டிபன் கேரியரை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாய் என்று தங்கச்சி பிற்பாடு சொன்னாள்.

கம்பெனியின் கேட் ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லி வக்கீலம்மா மனுப் போட்டார். வந்தது. அதன் ஜெராக்ஸ் இந்தக் கட்டில் இருக்கிறது, இப்போது என் மடியில். வெளியாட்கள் வந்தால் எழுதும் பக்கம். உன் பெயர், உன்னுடைய கோணல் எழுத்தில். யாரைப் பார்க்க என்ற இடத்தில், மூணாம் நம்பர் பிரஸ். எதற்காக என்ற இடத்தில், பொட்டு வைக்க. ஜட்ஜ் அதை இரண்டு தரம் படித்தார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டதற்கு, "இல்ல சார், நானாத்தான் போனேன்" என்றாய். வக்கீலம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலையை விட்டுப் போகிறவர் எதற்காகப் பொட்டு வைத்தீர்கள்?

"விட்டுட்டாப் போனேன்? என் மெஷின் மேடம் அது. கேஸ் முடிஞ்சா நாந்தானே ஓட்டணும்."

மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் உள்ளே விட்டார்கள், அதுவும் வெளியாள் என்று எழுதவைத்துத்தான் விட்டார்கள் என்று வக்கீலம்மா வாதாடினார். அதற்கு அப்புறமும் மூன்று வருஷம் இழுத்தது. கடைசி வாதம் முடிந்து, தீர்ப்புக்குக் காத்திருந்தபோது ஒருநாள் காலை காசிமேட்டில் ஐஸ் கட்டிக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

தீர்ப்பு நம் பக்கம் வந்தது. எனக்கு மறுபடி வேலை. உனக்கு, இறந்த நாள்வரை பணியில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தங்கச்சிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அவரு வேல இல்லாத ஆளா சாவல. அப்படித்தானேண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று அவள் அழுததில் பாதி சந்தோஷம் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் திரும்பப் போனபோது மூணாம் நம்பரும் நாலாம் நம்பரும் இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். என்னைப் பேக்கிங்கில் நிறுத்தினார்கள். சண்டை போடலாம் என்றார் வக்கீலம்மா. வேண்டாம் மேடம், முடியல என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிபன் கேரியர் விஷயம் வெடித்த இரண்டாம் நாள் நான் தனியாக ராயபுரம் படியேறிப் போனேன். "அவன் செஞ்சதுக்கு நான் ஏன் மேடம் போணும்? என் கேஸைத் தனியாப் பிரிச்சிடுங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அப்புறம் அவரும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த வாரமே நீ கேட்டண்டை என் தோளைப் பிடித்து நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தாய். "நீ மட்டும் இல்லாங்காட்டி நான் செத்தேன் மாமு" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. ஏதோ வேதனையில் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

இன்று காலை கட்டைக் கையில் கொடுக்கும்போது வக்கீலம்மா சொன்னார். எனக்கு முந்தின நாள் நீயும் தனியாக வந்திருக்கிறாய். "என்னால அவன் கேஸ் கெட்டுடக் கூடாது மேடம், அவனத் தனியாப் பிரிச்சி உட்ருங்க" என்று கேட்டிருக்கிறாய். "பிரிச்சிருந்தா ரெண்டு பேருமே தோத்திருப்பீங்க, ஒருத்தருக்கு ஒருத்தர்தானே சாட்சி. அதனால அவர்கிட்ட, 'உங்க தோஸ்து ஒத்துக்கல, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணாத்தான்னு சொல்லிட்டார்'னு உங்க பேரச் சொன்னேன். அதுக்கு மேல அவர் கேக்கவே இல்ல" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கட்டை வாங்கிக்கொண்டு கீழே வந்து, படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை, மாமு. தனியாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டதை நீ செத்த பிறகும் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லாத ஒரு வார்த்தைக்காக நீ கண் கலங்கி நன்றி சொன்னாய், நான் அந்த டீயைக் குடித்துவிட்டு ஆட்டோ ஓட்டப் போனேன்.