கால்வாய்க்கு அந்தப் பக்கம்

டிசம்பர் 11

ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிட்டது. என் சின்ன ரேடியோ நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரை ஆயிரம் வாட்டிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். இருட்டினால் பவரைக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு மணிக்கு இறப்பு அறிவிப்பு வாசித்தேன். கடல் தாண்டி வந்து இங்கே குடியேறிய எங்கள் போர்ச்சுகீசிய ஆட்களுக்கு இந்த ரேடியோவில் பெயர் வருவதுதான் அழைப்பு. பெயர் வராத சாவுக்கு யாரும் போவதில்லை.

போன வாரம் என் மனைவி லியோந்தினாவின் பெயரையும் நானேதான் வாசித்தேன். குரல் உடையவில்லை. அடக்கத்துக்கு ஊரே வந்தது.

என் தம்பி செராஃபிம் வரவில்லை.

டிசம்பர் 12

சூப் மிஞ்சிவிட்டது. ஒருவனுக்கு மட்டும் எப்படிச் சமைப்பது?

டிசம்பர் 15

பால் லாரி ஓட்டும் நொர்பெர்த்து காபிக்கு வந்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் செராஃபிமின் பண்ணையிலும் பால் எடுப்பவன்.

"அந்த மாட்டுக்காரன் உசிரோட இருக்கானா?" என்றேன்.

"அவரும் உங்களைப் பத்தி அப்படித்தான் கேக்கறாரு, பெரியவரே. அண்ணி போனதை ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சுதாம். ரெண்டு நாள் சாயங்காலம் கொட்டகையில ரேடியோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டே நின்னாராம். பேரு வரலையாம்."

"நான் வாசிச்சேன்டா!"

"வாசிச்சிருப்பீங்க. பொழுது சாஞ்சா உங்க குரல் கால்வாயைத் தாண்டாதே. வேற ஏதோ ஊர்ப் பாட்டுல்ல கரகரங்குது. 'அண்ணன் என்னைக் கூப்பிட வேணாம்னு நெனைச்சிட்டான்'னு அவரு உக்காந்துட்டாரு."

அவன் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தேன். கோடையில் ஆறு மணி பகல். குளிர்காலத்தில் ஆறு மணி இரவு. இந்தக் கருவியை யாரிடமும் படிக்காமல் கழற்றிப் பூட்டியே கற்றவன் நான். தினமும் குமிழைத் திருகுவதும் நான். அன்றைக்கு அது தோன்றவில்லையே — ஏன்?

டிசம்பர் 16

தோன்றியிருந்தால் மட்டும் என்ன? தெரிந்த பிறகு அவன் வந்திருக்கலாமே. வாரம் ஒரு வீடாகச் சுற்றிவரும் கோயில் திருவிழாக் கிரீடம் எங்கள் வீட்டில் தங்கவேண்டிய வாரத்தில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவன்தானே. லியோந்தினா அதற்கென்று விரிப்பு தைத்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை. நான் ஏன் இறங்க வேண்டும்?

டிசம்பர் 20

நொர்பெர்த்து மறுபடியும். "ஒரு போன் பண்ணிடுங்க."

"சாவைப் போன்ல சொல்றதுக்கு அது என்ன பீட்சாவா?"

"அப்ப மாச நினைவுப் பூசைக்கு அறிவிப்பு வாசிக்கிற அன்னைக்கு மட்டும் பவரைக் குறைக்காதீங்க. யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் ராத்திரியில் அலை வானத்தில் ஏறி எங்கோ தூரத்தில் போய் விழும். அங்கே இதே அலைவரிசை எண்ணில் இன்னொருவன் தன் ஊர்ச் சாவை வாசித்துக்கொண்டிருப்பான். அவன் குரலை என் குரல் மிதிக்கக் கூடாது.

"போடா, பால் கெட்டுடும்" என்று அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 25

பதிவு செய்த பாடல்களை ஓடவிட்டேன். தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

ஜனவரி 2

இறப்பு அறிவிப்பு இனிமேல் மதியம் பன்னிரண்டுக்கு. தீவனக்கடைக்காரன் விளம்பரத்தை நிறுத்திவிட்டதால் அந்த நேரம் காலியாகக் கிடக்கிறது. அதற்காகத்தான் மாற்றினேன்.

முழு பவரில் வாசித்தேன். லியோந்தினாவின் மாத நினைவுப் பூசை, சனிக்கிழமை. அறிவிப்பில் குடும்பத்தார் பெயர்களும் வரும். கணவர் குவால்தேர். கொழுந்தன் செராஃபிம். முறை அப்படி, விட முடியாது.

இந்தத் தடவை குரல் கொஞ்சம் உடைந்தது.

ஜனவரி 5

பூசை தொடங்கியபின் பக்கத்தில் யாரோ முழங்காலிட்டார்கள். மாட்டு வாடை. நான் திரும்பவில்லை.

வெளியே வந்ததும், "ரேடியோவுல கேட்டேன்" என்றான் செராஃபிம்.

"தெளிவா இருந்துச்சா?"

"தெளிவாத்தான் இருந்துச்சு. குரல்தான் கிழட்டுக் குரலா ஆயிடுச்சு."

"உன் காதுதான் கிழடு."

வீட்டுக்கு வந்தான். லியோந்தினாவின் நாற்காலியில் உட்காராமல் வேறொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டான். சூரியன் சாய்ந்ததும் நிலையத்துக்குப் போய் ஐம்பதுக்கு இறக்கிவிட்டுத் திரும்பினேன். அவன் இன்னும் போகவில்லை.

"ஒரே மூடுபனி, அண்ணே. வண்டி ஓட்ட முடியாது" என்றான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். தெருக்கோடி வரை ஒவ்வொரு விளக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"ஆமா, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிவிட்டு அவனுக்குப் போர்வை எடுக்கப் போனேன்.