ஆசிரியை தீர்த்தம்மாளைப் பற்றி நான் எழுதிய முதல் கடிதம் புகார் அல்ல

அனுப்புநர்:
அ. சகாயமேரி (வயது 19),
த/பெ அருள்சாமி,
யாகப்பன் கொட்டாய், கடத்தூர் வழி,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
பள்ளித் துணை ஆய்வாளர் அவர்கள்,
தர்மபுரி மாவட்டம்.

பொருள்: யாகப்பன் கொட்டாய் நடுநிலைப்பள்ளி ஆசிரியை தீர்த்தம்மாள், பி.எஸ்ஸி., பி.எட்., அவர்களிடம் விளக்கம் கேட்டது – காரணமான கடிதத்தை எழுதியவள் நானே – அதைத் திரும்பப் பெற வேண்டுவது.

பார்வை: 1. ‘ஊர் பொதுமக்கள்’ என்று போட்டு 11-1-78 அன்று நான் அனுப்பிய கடிதம்.
2. தங்கள் அலுவலக மெமோ, நாள் 30-1-78.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

1. மேற்படி பள்ளியில் மதிய உணவு சமைக்கும் சாலம்மாளின் மகள் நான். அம்மாவுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சமையல் கொட்டகைக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். போன ஜூனில் டீச்சர் வந்ததிலிருந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் நான் படிக்கிறேன். டீச்சருக்கும் தெரியும், தடுக்கவில்லை. (இதையும் அவர் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா.)

2. டீச்சர் பி.எட். படித்த கல்லூரியில் ஒரு பயிற்சி உண்டாம். கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஐந்தே நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். ஒருத்தி கடைசியில் உட்கார்ந்து, கேள்வி யாருக்குப் போகிறது, பதிலுக்கு நடத்துகிறவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வருவாளாம். டீச்சருக்கு வந்த தாளில் பதினான்கு கேள்வி. பதினான்கும் முன்பெஞ்சுக்கு. ஒரு கேள்விக்குக்கூட மூன்று எண்ணும் வரை அவர் நிற்கவில்லை. அந்தத் தாளை வருகைப் பதிவேட்டுக்குள் இன்னும் வைத்திருக்கிறார். என்னிடம் காட்டி, “நல்லாத்தான் நடத்தறேன்னு நெனச்சிட்டிருந்தேன் சகாயம். இந்தக் கோட்டப் பாத்துட்டு அன்னிக்கி ஆஸ்டல்ல சோறு எறங்கல” என்றார்.

3. அதனால்தான் இங்கேயும் தினம் ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் சிலேட்டோடு உட்கார்ந்து கோடு போடும். கேள்வி கேட்டால் இருபது எண்ணும் வரை டீச்சர் வாய் திறக்க மாட்டார். ஜனவரி பத்தாம் தேதி, “வத்தல்மலையில பேஞ்ச மழையெல்லாம் எங்க போவுது?” என்று கேட்டுவிட்டு குள்ளம்மாளைப் பார்த்தார். வூட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை அது. இரண்டு வருஷமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியே நானும் எண்ணினேன். பதினெட்டில் எழுந்து, “கெரெக்குப் போவுதுங்க டீச்சர்” என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஏரி என்றும் பக்கத்திலேயே கெரெ என்றும் எழுதி, “ரெண்டும் ஒண்ணுதான். அங்கிருந்து எங்க போவுது, நீயே சொல்லு” என்றார். அது சொல்லிக்கொண்டே போனது ஐயா! கேட்டுக்கொண்டே நின்றதில் கோதுமை உப்புமா அடிபிடித்துவிட்டது. “பாடத்தக் கேட்டா நூறு புள்ளைங்களுக்கு வயிறு ரொம்புமாடி?” என்று அம்மா கரண்டியைத் தூக்கினாள். எனக்கு உறைக்கவே இல்லை.

4. அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் எழுதினேன். பாராட்டித்தான் எழுதினேன். எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. மூன்று வருஷம் முன்பு ஊர்க் கைபம்பு கெட்டு, பழுதுபார்க்கிறவர் வராமல் இருந்தபோது, கடத்தூரில் மனு எழுதுகிறவர் எழுதித் தந்ததன் நகல் வூட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினேன். அதன் கடைசியில் ‘மேற்படியார் மீது தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்’ என்றும், கீழே ‘ஊர் பொதுமக்கள்’ என்றும் இருந்தது. அதை அனுப்பி எட்டாம் நாள் பம்பில் தண்ணீர் வந்தது. ஆபீசுக்கு எதை எழுதினாலும் அப்படித்தான் முடிக்க வேண்டும் போல என்று நானும் அப்படியே முடித்தேன். சமையல்காரி மகள் ஒருத்தி சொன்னால் எடுபடாது என்று ஊர் பெயரையும் போட்டேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

5. டீச்சர் பாடம் சொல்லாமல் வாய்மூடி நிற்பதாகவும், ஆசிரியர் செய்யும் குறைகளை மாணவரே குறித்துவைக்க விடுவதாகவும், கரும்பலகையில் வேறு பாஷை எழுதுவதாகவும் பொதுமக்கள் புகார் என்று மெமோ வந்திருக்கிறது. 13-ஆம் தேதிக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாதாம். அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் நான் மெச்சி எழுதியவை.

மெமோவை டீச்சர் கொட்டகை வாசலில் நின்று எனக்குக் கேட்கப் படித்தார். “ஊரே சேந்து எழுதியிருக்காங்களாம் சகாயம். எல்லாருமா?” என்றார். வழக்கம்போலக் காத்திருந்தார். இருபது தாண்டியும் நான் சொல்லவில்லை ஐயா.

6. அன்றைக்கே சிலேட்டு அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறார், கேட்கிறார், உடனே தானே பதிலும் சொல்லிவிடுகிறார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் நான் கோடு போட்டேன். இருபத்து மூன்று கேள்வி. ஒன்றுகூடக் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. நேற்று குள்ளம்மாள் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டது.

7. ஆகவே முதல் கடிதம் நான் ஒருத்தி எழுதியது என்று கொண்டு, அதை ரத்து செய்து, டீச்சரை விட்டுவிட வேண்டுகிறேன். ஊர் பெயரைப் போட்டதற்கு எந்தத் தண்டனையும் எனக்கே வரட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் வேலையில் கை வைக்க வேண்டாம் ஐயா.

தாங்கள் ஒருநாள் வந்து அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றால், தயவுசெய்து இருபது வரை எண்ணிவிட்டுப் பிறகு பேனாவை எடுங்கள். சுவரில் போட்ட கோடுகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இந்த முறை பம்பு மனுவைப் பார்க்கவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியாததால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இடம்: யாகப்பன் கொட்டாய்
நாள்: 8-2-1978

இப்படிக்கு, நான் மட்டும்,
அ. சகாயமேரி

நகல்: ஆசிரியை தீர்த்தம்மாள் அவர்களுக்கு. நாளைக் காலை மணி அடிக்கும் முன் நானே கையில் கொடுப்பேன்.