ஸ்டீயரிங் இல்லாத கார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வாயைத் திறந்து சொல்லும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கு இருக்கிறது?

மழையில் ஷெட்டின் தகரக் கூரை பிய்ந்து, தண்ணீர் நேராகக் காரின் மேல் ஒழுகிவிட்டது. அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற அப்பா, தானாக வந்து அதைக் கொஞ்சம் பாரேன் என்றார். மியூசியத்தில் பழைய இரும்பை மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. சொந்த வீட்டு இரும்பை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. லீவு போட்டுவிட்டு இறங்கினேன்.

டிரைவர் சீட்டுக்கு முன்னால் தளமே இல்லை. உட்கார்ந்தால் காலுக்கடியில் மண் தெரிகிறது. கதவுகளின் அடிப்பக்கம் விரல் பட்டாலே உதிர்கிறது. முன் மட்கார்டில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. பெயின்ட்டுக்குக் கீழே இரும்பே இல்லை, பள்ளத்தை அடைக்க அப்பிய வெறும் பட்டி. நீ சைக்கிளோடு போய் மோதிய இடம்தான் அது. பின் சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, அதை நான் தொடவில்லை.

பளபளவென்று புதுசாக்கச் சொல்வாரோ என்று பயந்து, துருவை முழுக்கச் சுரண்டினால் வண்டியே மிஞ்சாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இருக்கிறது இருந்தாப் போதும் என்றார். உதிர்வதை மட்டும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, கெட்டியாக நிற்கிற துருவை அப்படியே விட்டு, மேலே மெழுகு பூசி வருகிறேன். ஓடாது. ஆனால் இதற்கு மேல் கெடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பிய அன்று, இனிமே எப்படி ஓட்டறார்னு பாக்கறேன் என்று ஸ்டீயரிங்கைக் கழற்றிக்கொண்டு போனாயே, அது மாட்டியிருந்த தண்டின் முனையில் ஒரு துணி சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. அழுக்கு என்று மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது. முழுக் காரிலும் துருப் பிடிக்காத இடம் அது ஒன்றுதான். அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா அதைப் பார்த்துவிட்டு, யாரு தொடைக்கச் சொன்னா என்று கத்தினார். கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து அவரே பூச ஆரம்பித்தார். பாதி அவர் சட்டையில் ஆனது. நான் பூசுகிறேன் என்றால் விடவில்லை. துருப் பிடிச்சா அவன் வந்து மாட்டறப்போ உக்காராது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வேறு ஸ்டீயரிங் வாங்கலாமே என்று நான் கேட்டபோதெல்லாம் காது கேட்காதவர் மாதிரி எழுந்து போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. உன் மேல் எரிச்சலும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது ஷெட் வரை நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. டாக்டரும் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் கை இன்னும் எத்தனை காலம் கிரீஸ் பூசும் என்று எனக்குத் தெரியாது.

ஸ்டீயரிங் உன்னிடம்தான் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. தயவுசெய்து அதைப் பார்சலில் அனுப்பிவிடாதே. வந்தால் வாங்காமல் திருப்பி விடுவேன். அதை மாட்ட எனக்குத் தெரியாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா