கள்ளுக்குப் போட்ட காரம்

என் அடுப்படி ராசாத்தி, என் அம்மா,

நீ போய் மூன்று வருசம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வார்த்தை எழுத எனக்கு மூஞ்சி இல்லை. இப்போதும் இல்லைதான். ஆனாலும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன், நான் செய்ததும் நாலு பேர் முன்னால்தானே.

முதலில் சேதி. கோவிந்தாபுரம் ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கிறேன். ஆறு மேசை, கல்லாவில் என் மாமியார், வாசலில் 'வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு. நீ சமைத்த கள்ளுஷாப்பைப் போன வருசம் பூட்டிவிட்டார்கள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

எனக்கு அது பழக்கம்தானே! பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, "எங்கம்மா பள்ளிக்கூடத்துல சமைக்கறாங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். உன் சாவுக்கு ஷாப்பு ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். "இவிங்கெல்லாம் ஆரு?" என்று மாமியார் கேட்டார். "மாந்தோப்புல வேலை செய்யறவிங்க அத்தை" என்றேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன் அம்மா. உனக்குக் கேட்டிருக்குமா?

ஆனால் ஹோட்டல் திறக்க மட்டும் உன் மீன் குழம்பு வேண்டியிருந்தது. ஷாப்புக்குள் நான் கால் வைத்ததே இல்லை என்றாலும், வீட்டு அம்மியில் அதற்கு மசாலா அரைத்துக் கொடுத்தவள் நான்தானே. எத்தனை கை மிளகாய், எத்தனை கை மல்லி, எல்லாம் மனப்பாடம். ஒரு மிளகாய்கூடக் குறைக்காமல் போட்டேன்.

முதல் வாரம் நல்ல கூட்டம். வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. குழந்தைகள் அழுதன. ஒருத்தர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஏனுங்க, மனுசன் திங்கறதுக்குத்தானே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கும்தான் நாக்கு எரிந்தது. ஆனால் உடுமலையிலிருந்தெல்லாம் ஆட்கள் எல்லை தாண்டித் தேடி வந்து தின்ற குழம்பாயிற்றே, அதில் கைவைக்கப் பயந்தேன். கொஞ்ச நாளில் மத்தியானத்திலேயே ஆறு மேசையும் காலி. சித்திரையோடு பூட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மயில் மாமா வந்தார். ஷாப்பில் கள் ஊற்றிக் கொடுப்பாரே, அவரேதான். சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேருக்குப் போன மனுசன். குழம்பை ஒரு வாய் வைத்தவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"அம்முணி! நீ நம்ம கள்ளுஷாப்புச் சமையக்காரி புள்ளதானே? அதே கொழம்பாச்சே..."

கல்லாவில் மாமியார் தலை நிமிர்ந்தது. பாழாய்ப்போன வாய் எனக்கு! "இல்லீங்க, நீங்க வேற ஆரையோ நெனச்சுட்டீங்க" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். அப்புறம் மாமியார் பக்கம் திரும்பி, "ஆமாங்க, எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க" என்றார். என் மானத்தைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னார் அம்மா. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனேன். மெதுவாகச் சொன்னார்: "இது கள்ளுக்குப் போட்ட காரம் அம்முணி. எரிஞ்சாத்தானே இன்னொரு குப்பி கேப்பான்! கள்ளு இல்லாம இதை எவன் திங்கறது? உனக்குன்னா உங்கம்மா பாதி மொளகாதான் போடுவா. தேங்காப்பால் ஊத்தி, தனிச் சட்டில வெச்சு மூடிக் கொண்டுவருவாளே, தெரியாதா?"

தெரியாது அம்மா. நீ தினமும் கொண்டுவந்த அந்தக் குழம்பை, ஷாப்பில் மிஞ்சியதில் தண்ணீர் கலந்தது என்றல்லவா நினைத்தேன்! அதற்கும் மூஞ்சியைச் சுளித்து, பாதித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

மறுநாள் மாமா சொன்னபடியே வைத்தேன். இப்போது ஆறில் நாலு மேசை நிறைகிறது, பூட்டுகிற பேச்சு நின்றிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டு, "யாரு கைப்பக்குவமுங்க இது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க அத்தை சொல்லிக் குடுத்ததுங்க." கல்லாவில் அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. உன்னை மறைத்தது போதாதென்று, உன் சட்டியையும் எடுத்து இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டேன். த்தூ, நானும் ஒரு மகளா?

நாளைக் காலையில் மயில் மாமா வீட்டுக்குப் போகிறேன். அவருக்குப் பிடித்த பழைய காரத்திலேயே ஒரு தூக்குப்போசி குழம்பு வைத்து, அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அன்றைக்குக் கேட்டதை இன்னொரு தரம் கேளுங்க மாமா என்று நானே சொல்வேன். அத்தை கல்லாவை விட்டு எழுந்து பொள்ளாச்சிக்கே பஸ் ஏறினாலும் சரி, ஹோட்டலைப் பூட்டினாலும் சரி, இந்தத் தரம் "ஆமாங்க மாமா" என்றுதான் சொல்லுவேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கோவிந்தாபுரம் கள்ளுஷாப்புச் சமையல்காரி பொன்னாத்தாளின் மகள்,
சரசு