ஒலியுல்லா பாயின் உலை

பழனி அடிவாரம்
ஐப்பசி, 1963

அன்பு மகள் கண்மணிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், கல்கத்தாவில் நீ உடம்பும் மனசும் திடமாக இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபிக்காதே, உன் தம்பி வேலுமணி பாடே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கென்று சர்க்கார் இங்கே கட்டிவிட்ட கொட்டகைகளில் ஒன்றை எடுத்து, காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற மெஷின் செய்ய வந்தான் அல்லவா, எவனாவது பார்த்துச் செய்துவிடுவான் என்று முதல் வருஷம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டே வேலை பார்த்தான். செய்த மெஷினெல்லாம் கொட்டையை நசுக்கியது. மலைமேல் நம் ஊர் பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர்களே திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள், இவன் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தான். பக்கத்துக் கொட்டகையில் இரும்பு வார்க்கிற ஒலியுல்லா பாய்தான் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உருளைப் பல்லு கூரா கெடக்கு, நான் வேற வார்த்துத் தாரேன், வெரசா எந்திரிங்க" என்றாராம். அதற்கப்புறம் கடைசல் பிடிக்கிற நல்லுசாமி முதல் அந்த வரிசையில் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்க, மெஷின்கள் ஒழுங்காக மலைத் தோட்டங்களுக்குப் போயின.

போன மாதம் உருகின இரும்பு தெறித்து பாயின் வலது கை வெந்துபோனது. உலை நின்றதும் வரிசையே படுத்துவிட்டது. வேலுமணி தன் வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய் உலை மூட்டினான். கொட்டகைகளைப் பார்க்கிற சர்க்கார் அதிகாரி வந்து, உன் உற்பத்தி பாதியாகிவிட்டது, இப்படியே போனால் கொட்டகையை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். உன் வேலையை முதலில் பார் என்று நானும் சண்டை போட்டேன். "அவரு உலை அணைஞ்சா எனக்கேதும்மா சோலி" என்றான். பிறகு நானும் இங்கேயே தங்கி இரண்டு குடும்பத்துக்கும் பொங்கிப்போடுகிறேன், முழங்கால் விட்டுப்போகிறது. பாயின் மனைவி பதுருன்னிசா ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து என்னைவிட இளைத்துவிட்டாள்.

அதிகாரி மறுபடி வந்த அன்று நல்லுசாமி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், "ஒவ்வொரு கொட்டகையா தனியா அளக்காதீங்க, இங்க ஒரு மெஷின்ல எல்லாரு கையும் இருக்குங்க" என்று நிதானமாகச் சொன்னார். அதிகாரி கொட்டகைகளை ஒரு நடை பார்த்துவிட்டு, பழம் பறிப்பு முடிகிற வரை பார்க்கிறேன் என்று போனார். இப்போது உலையை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று இந்தப் பருவத்து முதல் மெஷினை பாய் இடது கையால் சுற்றினார், கொட்டை உடையாமல் விழுந்தது. சந்தோஷப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை, பதுருன்னிசா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன கடிதத்தில் நீ, காய்ச்சலோடு அறைக்குள்ளேயே கிடந்தேன், யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீ நல்லா இருப்பாய். பதில் எழுதும்போது உன் பக்கத்து அறைப் பெண்ணின் பேர் என்ன என்று கேட்டு எழுது.

உன் அம்மா
குப்பம்மாள்