பவானிக்குத் தள்ளிப்போன மாதங்கள்

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

குளியலறை அலமாரியை ஒதுக்கினேன். நாத்தனார் பவானிக்கு ஆவணியில் வாங்கிய நாப்கின் பாக்கெட், இன்னும் பிரிக்காமல். அவள் கழுத்தில் கருப்பு படர்ந்திருக்கிறது. மோவாயில் முடி, அதற்கு பார்லர். எனக்கும் பத்தொன்பது வயதில் இதேதான். யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத்தான் டாக்டரிடமே போனேன்.

சாப்பிடும்போது பவானி: “மதினி கை மெத்துனு இருக்கு பாத்தியாம்மா. பிள்ளையா குட்டியா, தேயுறதுக்கு?” மாமியார் சிரித்தாள். இவரும்தான்.

நவ. 5
மாமியார் கோயிலுக்கு. வீட்டில் பவானியும் நானும்.

“மாசா மாசம் ஒழுங்கா வருதா?”

அவள் முகம் செத்துவிட்டது. “மூணு மாசமா இல்ல மதினி. முன்னாடியும் அப்பப்ப இப்படித்தான். அம்மா வெளிய சொல்லாதன்னா.” பிறகு மெதுவாக: “எனக்கும் உங்கள மாதிரி ஆயிருமோ?”

வலித்தது. ஆனாலும் சொன்னேன். மாதம் தள்ளிப்போனால் பிள்ளையே இல்லை என்று அர்த்தமில்லை. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

நவ. 6
மாமியாரிடம் பேசினேன். சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, என் மவ பேர உன் வாயில எடுக்காத. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்.”

“எங்க அம்மாவும் இதத்தான் சொன்னா, அத்தை.”

“உங்க அம்மா மறைச்சு உன்ன எங்க தலையில கட்டுனா. நான் என் பிள்ளையக் காப்பாத்துதேன்.”

நவ. 9, ஞாயிறு
பவானியைப் பெண் பார்க்க சாயர்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். நான் கண்ணில் படக்கூடாதாம். வேம்பாரில் சித்தி வீட்டுக்கு இவரே பஸ் ஏற்றிவிட்டார். “அம்மா மனசு நோகப்படாதுல்லா. ஒரு நாள்தான.” வண்டி புறப்படும்வரைகூட நிற்கவில்லை. வழியெல்லாம் உப்பளம். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிது.

நவ. 11
நிச்சயமாகிவிட்டது. தையில் கல்யாணம்.

துவைக்கிற இடத்துக்கு வந்து பவானி என் கையைப் பிடித்தாள். “டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க மதினி. பயமா இருக்கு.”

போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். சினைப்பையில் நீர்க்கட்டிகள். “நல்லவேளை, இப்பவே வந்தீங்க” என்றார் டாக்டர். மாத்திரை, நடை, எடை குறைக்க வேண்டும். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை. சந்தோஷமா பொறாமையா, தெரியவில்லை.

வாசலில் மாமியார். மாத்திரைப் பை பவானி கையில்.

“மதினிக்குத் துணைக்குப் போனேம்மா. இது அவங்களுக்கு.” பையை என் கையில் திணித்தாள்.

“இன்னுமா ஆசை விடல?” பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

சாப்பிடும்போது இவர்: “பட்ட மரத்துக்கு எதுக்கு உரம்?”

பவானியைப் பார்த்தேன். தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். ஊற்றினேன்.